வடிவமைப்பும் நுகர்வோர் ஆய்வும்: முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மதுரைப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் மனையியல் படித்தவள். அப்புறம் எம்.டெஸ்., அதாவது வடிவமைப்பில் முதுநிலைப் பட்டம், முடித்தேன். இப்போது சென்னையில், மக்கள் பொருட்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதும் வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜை முடிந்த கையோடு தம்பி தங்கைகளின் கேள்விகள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்துவிடும். கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தேர்வு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும் என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டையும் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

வடிவமைப்பு ஒரு படிப்பு, நுகர்வோர் ஆய்வு வேறு படிப்பு இல்லையா? இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

பெயர்தான் இரண்டு. வேலையில் இறங்கிவிட்டால் ஒன்றை விட்டு ஒன்று நடக்காது. ஒரு பொருளை உருவாக்குகிறவருக்கு அதை யார் வாங்குவார், எந்தக் கையால் பிடிப்பார், கெட்டுப்போனால் யாரிடம் கொண்டுபோவார், கடைசியில் பழைய சாமான்காரரிடம் என்ன விலைக்குப் போடுவார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

இதை அழகாக எழுதி வைத்தவர்கள் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி. இந்திய அரசின் அழைப்பில் வந்து, ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இங்கே பார்த்த பொருட்களிலேயே அவர்களை மிகவும் கவர்ந்தது நம் வீட்டுச் சொம்பு. இப்படி ஒன்றைப் புதிதாக உருவாக்க வேண்டுமென்றால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அந்த அறிக்கையில் வரிசையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், தூக்குகிற கை எவ்வளவு பெரியது, தலையில் வைப்பார்களா இடுப்பில் வைப்பார்களா, காலியாக இருக்கும்போது எடை எங்கே நிற்கும், நிரம்பியிருக்கும்போது எங்கே நிற்கும், திரும்ப விற்றால் என்ன தேறும், ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று போகிறது அந்தப் பட்டியல். வடிவமைப்பும் நுகர்வோர் ஆய்வும் அதில் எங்கே பிரிகின்றன என்று உங்களால் கோடு போட முடியாது. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. சின்ன அறிக்கைதான், ஒரு மாலையில் படித்துவிடலாம். கட்டாயம் படியுங்கள்.

சரி, எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

இந்தியாவில் இந்த இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துத் தரும் படிப்பு அபூர்வம். அதனால் நாலைந்து கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும்.

முதலாவது, ஐ.ஐ.டி.கள். மும்பை, டில்லி, குவாஹாட்டி, கான்பூர், ஹைதராபாத், ரூர்க்கி ஆகிய இடங்களில் எம்.டெஸ். இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.க்குள் இதை நடத்தும் ஐ.டி.சி. என்ற வடிவமைப்புப் பள்ளி 1969இல் தொடங்கியது, இந்தத் துறையில் மூத்த பள்ளிகளில் ஒன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் எம்.டெஸ். உண்டு. இவற்றுக்கெல்லாம் 'சீட்' (CEED) என்ற பொது நுழைவுத் தேர்வு. நம் ஊரில் சீட் என்றாலே காலேஜ் சீட் என்றுதான் காதில் விழும். குழப்பம் வேண்டாம் என்பதற்காக, இந்தப் பக்கம் முழுக்க 'சீட்' என்று நான் சொல்வது தேர்வைத்தான்.

அடுத்தது, மேலே சொன்ன தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது என்.ஐ.டி. திருச்சியில் இருக்கும் என்.ஐ.டி. வேறு, இது வேறு. எம்.டெஸ். வகுப்புகள் அகமதாபாத், காந்திநகர், பெங்களூரு ஆகிய மூன்று வளாகங்களில் நடக்கின்றன. நுகர்வோர் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் பெங்களூரு வளாகத்தைக் கவனித்துப் பாருங்கள். கடைக்குள் வரும் மனிதரின் அனுபவத்தை வடிவமைக்க ஒரு பிரிவு, வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் உட்பட எல்லோருக்கும் பயன்படும் பொருட்களை யோசிக்க ஒரு பிரிவு என்று அங்கே பாடங்கள் உள்ளன.

மூன்றாவது நிஃப்ட், அதாவது தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம். 1986இல் டில்லியில் தொடங்கியது. சென்னை மையம் தரமணியில் இருக்கிறது. எம்.டெஸ். தவிர எம்.எஃப்.எம். என்ற ஃபேஷன் மேலாண்மைப் படிப்பும் உண்டு. வாங்குகிறவரின் மனம், கடை, சரக்கு, விலை இவற்றைப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு எம்.எஃப்.எம். நல்ல பொருத்தம்.

நான்காவது கதவைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. அது மனையியல். டில்லியில் 1932இல் தொடங்கிய லேடி இர்வின் கல்லூரியில், வள மேலாண்மையையும் வடிவமைப்பையும் சேர்த்து ஓர் எம்.எஸ்சி. இருக்கிறது. டில்லிப் பல்கலைக்கழகத்தின் படிப்பு என்பதால் கியூட் பி.ஜி. (CUET PG) என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கோவையில் அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகம் 1957இல் மனையியல் கல்லூரியாகவே பிறந்தது. வீட்டு வளம், துணி, உணவு, நுகர்வோர் கல்வி என்று இந்தத் துறைகள் பல பத்தாண்டுகளாகச் செய்த வேலையைத்தான் இப்போது பெரிய நிறுவனங்கள் 'யூசர் ரிசர்ச்' என்று புதுப் பெயரில் செய்கின்றன.

பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. படித்தவர்கள் விண்ணப்பிக்கலாமா?

பலர் தடுக்கி விழும் இடம் இது, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது மூன்று வருடப் பட்டமோ டிப்ளமோவோ இருந்தால், அல்லது அதன் கடைசி வருடத்தில் இருந்தால், சீட் தேர்வு எழுதலாம். எந்தப் பாடம் என்ற நிபந்தனை கிடையாது. வயது வரம்பும் இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

ஆனால் தேர்வு எழுதத் தகுதி என்பது ஒன்று, கல்லூரியில் சேரத் தகுதி என்பது இன்னொன்று. உதாரணமாக, இந்திய அறிவியல் கழகத்தின் எம்.டெஸ்.ஸில் பொறியியல், கட்டடக்கலை, வடிவமைப்பு என்று குறிப்பிட்ட பட்டங்கள் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இடம். ஐ.ஐ.டி.களிலும் பல பிரிவுகள் நான்கு வருடப் பட்டம் கேட்கின்றன. மூன்று வருட பி.எஸ்சி. முடித்த ஒரு தங்கை, சீட்டில் நல்ல ரேங்க் வாங்கிய பிறகுதான் தனக்குப் பிடித்த பிரிவில் விண்ணப்பிக்கவே முடியாது என்பதைக் கண்டுபிடித்தாள். அன்று இரவு அவள் பேசிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, நீங்கள் விரும்பும் ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு பிரிவுக்கும் தகுதி என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

நிஃப்ட் எம்.டெஸ்., எம்.எஃப்.எம். இரண்டுக்கும் எந்தப் பட்டமாக இருந்தாலும் போதும், வயது வரம்பு இல்லை. என்.ஐ.டி.யில் வயது வரம்பு உண்டு: பொதுப் பிரிவுக்கு 30 வயதுக் கணக்கு, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தளர்வு உண்டு.

சீட் தேர்வு எப்படி இருக்கும்?

மும்பை ஐ.ஐ.டி. நடத்துகிறது. அக்டோபர் வாக்கில் விண்ணப்பம் திறக்கும், ஜனவரியில் தேர்வு, மார்ச்சில் முடிவு. சென்னையில் மையம் உண்டு. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் பாதி.

மொத்தம் மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் 'ஏ' பகுதி, கணினியில். ஒரு பெட்டியை விரித்தால் எப்படி இருக்கும், பல்சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும், இந்தப் படத்தில் எத்தனை முகங்கள் தெரிகின்றன என்ற மாதிரிக் கேள்விகள் வரும். எண்ணை விடையாகத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு மைனஸ் மதிப்பெண் இல்லை, அதனால் அவற்றில் எதையும் காலியாக விடாதீர்கள். அடுத்த இரண்டு மணி நேரம் 'பி' பகுதி, கையால் தாளில் வரைந்தும் எழுதியும் விடை தர வேண்டும். 'ஏ' பகுதியில் தேறியவர்களின் 'பி' தாளை மட்டுமே திருத்துவார்கள். இறுதி மதிப்பெண்ணில் 'ஏ'வுக்கு 25 சதவீதம், 'பி'க்கு 75 சதவீதம்.

முடிவு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பொது கவுன்சலிங் கிடையாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் தனியாக அழைத்து, செய்முறைத் தேர்வு, போர்ட்ஃபோலியோ (நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு), நேர்காணல் வைப்பார்கள். அந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள். சீட் மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

எனக்கு வரையவே வராது. என்ன செய்வது?

வரும். ஓவியப் போட்டிக்கு வரைவதும் இந்தத் தேர்வுக்கு வரைவதும் வேறு வேறு. இங்கே படம் அழகாக இருக்கிறதா என்பதைவிட, நடந்ததைப் பார்த்திருக்கிறீர்களா என்பதுதான் தெரிய வேண்டும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் தெருவில் போய் நில்லுங்கள். நிறைகுடத்தை இடுப்பில் வைத்த அம்மாவைப் பாருங்கள். குடம் இருக்கும் பக்கம் இடுப்பு வெளியே தள்ளியிருக்கும், உடம்பு எதிர்ப் பக்கம் சாயும், அந்தப் பக்கத்துக் கை உடம்பை விட்டு விலகி நிற்கும். குடத்தைச் சுற்றிய கை கழுத்துக்குக் கீழே வளைந்திருக்கும். பிளாஸ்டிக் குடத்தின் கழுத்து ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று அப்போதுதான் புரியும். இதைக் குச்சி மனிதனாக வரைந்தால்கூடச் சாய்வு சரியாக இருந்தால், தூக்குகிற பாரம் பார்க்கிறவருக்குத் தெரியும். புகைப்படத்தைப் பார்த்து முகத்தை மட்டும் நிழல் அடித்து நேர்த்தியாக வரைந்து பழகியவர்கள், இந்தச் சாய்வைத் தவற விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தினமும் அரை மணி நேரம், பேனாவால், அழிக்காமல். பஸ் ஸ்டாண்ட், டீக்கடை, ரேஷன் கடை வரிசை. மூன்று மாதத்தில் கை மாறியிருக்கும். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் சீட் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கடிகாரம் வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

என்.ஐ.டி., நிஃப்ட் தேர்வுகள் எப்படி வேறுபடும்?

என்.ஐ.டி.யின் தேர்வுக்கு 'டாட்' (DAT) என்று பெயர். முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். முதன்மைத் தேர்வு நீங்கள் விண்ணப்பித்த பிரிவை ஒட்டி இருக்கும் என்பதால் எந்தப் பிரிவு என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அங்கே எம்.டெஸ். இரண்டரை வருடம், அதனால் வீட்டில் இரண்டு வருடம் என்று கணக்குச் சொல்லிவிடாதீர்கள்.

நிஃப்ட் தேர்வை அண்மை ஆண்டுகளாக என்.டி.ஏ. என்ற தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. எம்.டெஸ்.ஸுக்கு வரைதலும் கற்பனையும் பார்க்கும் தாளுக்கு 40 சதவீதம், பொதுத்திறன் தாளுக்கு 30, நேர்காணலுக்கு 30. எம்.எஃப்.எம்.முக்கு வரைதல் தாளே கிடையாது. பொதுத்திறன் 70, நேர்காணல் 30. வரைவதில் மனம் ஒட்டாமல், மக்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதில் மட்டும் ஆர்வம் உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போர்ட்ஃபோலியோவில் என்ன வைக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நீளமாகப் பதில் சொல்வேன். வருடத்துக்கு இருபது முப்பது போர்ட்ஃபோலியோ பார்க்கிறேன், பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கின்றன. முதல் பக்கத்தில் பெயர், இரண்டாம் பக்கத்தில் சாஃப்ட்வேர்களின் சின்னங்கள், அப்புறம் யூடியூப் பார்த்துச் செய்த ஓர் உணவு டெலிவரி ஆப். அதைச் செய்தவர் யாரையாவது நேரில் பார்த்துப் பேசினாரா என்று தேடினால் எதுவும் அகப்படாது.

என் மனதில் நிற்கிற ஒன்றைச் சொல்கிறேன். விருதுநகர்ப் பக்கத்துப் பெண், மனையியல் மாணவி. அவளுடைய பாட்டிக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு, எழுதப் படிக்கத் தெரியாது. காலை மாத்திரை சுருக்குப்பையில் இருக்கும், ராத்திரி மாத்திரை ஒரு பூஸ்ட் டப்பாவில். மெடிக்கல் கடையில் பத்து மாத்திரை அட்டையை வாங்கப் பணம் இல்லாதபோது நாலு மாத்திரையை வெட்டிக் கொடுப்பார்கள். பெயரும் காலாவதித் தேதியும் கடையில் இருக்கும் துண்டிலேயே தங்கிவிடும். பாட்டிக்கு நிறம்தான் அடையாளம். ஒரு மாதம் கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார், மஞ்சள் வெள்ளையாகிவிட்டது. பாட்டி மூன்று நாள் அதைத் தொடவே இல்லை.

அந்தப் பெண் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் நேரம் போட்டு எழுதியிருந்தாள். முதலில் அவளும் ஓர் ஆப்தான் யோசித்தாள். பாட்டியிடம் இருந்தது பட்டன் போன். அடுத்து சூரியன், நிலா படம் போட்ட ஓர் அட்டைப் பெட்டி செய்தாள். பாட்டி அதை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, மாத்திரையைப் பழையபடி சுருக்குப்பையிலேயே போட்டுக்கொண்டார். வயலுக்குப் போகிறவருக்குப் பெட்டி எதற்கு? மூன்றாவதாக, சுருக்குப்பைக்குள்ளேயே இரண்டு அறை தைத்து, ஒன்றுக்குச் சிவப்புக் கயிறு, மற்றதற்குக் கறுப்புக் கயிறு போட்டாள். அதைப் பாட்டி ஏற்றுக்கொண்டார்.

நேர்காணலில் ஒரே ஒரு கேள்விதான் அவளை ஆட்டியது: "பாட்டி இப்போதும் அந்தப் பையைப் பயன்படுத்துகிறாரா?" இல்லை என்று உள்ளதைச் சொன்னாள். டாக்டர் மதியத்துக்கும் ஒரு மாத்திரை சேர்த்ததும் இரண்டு அறை போதவில்லை, பாட்டி மறுபடி பூஸ்ட் டப்பாவுக்குப் போய்விட்டார். அந்தப் பதிலிலிருந்து பேச்சு இருபது நிமிடம் ஓடியது. அட்டையை வெட்டும் கடைக்காரர் என்ன செய்யலாம், மருந்து கம்பெனி தேதியை ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் அச்சடித்தால் என்ன, அப்படி அச்சடித்தாலும் படிக்கத் தெரியாதவருக்கு என்ன வழி என்று. அவளுக்கு இடம் கிடைத்தது.

அவளுடைய போர்ட்ஃபோலியோ மொத்தம் பன்னிரண்டு பக்கம். அதில் ஏழு பக்கம் இந்தப் பாட்டிதான். கையால் வரைந்த படங்கள், போனில் எடுத்த புகைப்படங்கள், தைத்துப் பிரித்துத் தைத்த பைகள். இப்படி ஒன்று உங்கள் வீட்டிலும் நடந்துகொண்டிருக்கும். மிக்ஸி ஜாரைத் திருகத் திணறும் பெரியம்மா, மின் கட்டண அட்டையைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் படிக்கும் தாத்தா, ஸ்டார் லேபிளைப் பார்த்து ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டு அந்த ஸ்டார் எதற்கு என்று கேட்கும் அண்ணன். ஒன்றை எடுங்கள், கூடவே உட்காருங்கள், பார்த்ததை எழுதுங்கள், ஏதாவது செய்து பாருங்கள். அது தோற்றால் தோற்றதையும் வையுங்கள்.

யாருடைய புகைப்படத்தைச் சேர்த்தாலும் அவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள், வீட்டுப் பாட்டியாக இருந்தாலும். குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். நேர்காணலில் இரண்டு கேள்விக்குள் அது வெளியே வந்துவிடும்.

ஃபோட்டோஷாப், ஃபிக்மா எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. சேர்ந்த பிறகு முதல் பருவத்திலேயே கற்றுக்கொள்வீர்கள்.

எஸ்.ஓ.பி., அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கட்டுரை, எழுதச் சொல்கிறார்கள். எப்படித் தொடங்குவது?

சிறுவயதிலிருந்தே வரைவதில் ஆர்வம் என்று தொடங்காதீர்கள். நூற்றில் எண்பது பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நீங்கள் பார்த்த ஒரு சம்பவத்தில் தொடங்குங்கள். மேலே சொன்ன பெண்ணாக இருந்தால், "என் பாட்டி மூன்று நாள் மாத்திரை சாப்பிடவில்லை, ஏனென்றால் அதன் நிறம் மாறியிருந்தது" என்று தொடங்கலாம். அங்கிருந்து, இதைப் பற்றி இன்னும் என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள், அதற்கு இந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் உதவும் என்று போங்கள். கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டு வேறு கல்லூரிப் பெயரைப் போட்டாலும் கட்டுரை அப்படியே பொருந்துகிறது என்றால், இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று அர்த்தம்.

முதலில் தமிழில் எழுதுங்கள். நினைத்தது நினைத்தபடி வரும். ஆங்கிலத்துக்கு மாற்றுவது இரண்டாவது வேலை.

நான் தமிழ் மீடியம். நேர்காணலில் ஆங்கிலம் பேசத் திணறினால் தள்ளிவிடுவார்களா?

நானும் தமிழ் மீடியம்தான். திணறினேன். படம் வரைந்து காட்டட்டுமா என்று கேட்டேன், தாளைக் கொடுத்தார்கள். உங்கள் வேலையைப் பற்றி ஐந்து நிமிடம் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லப் பழகிக்கொண்டால் போதும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு வேறு எதையோ சொல்வதுதான் கெடுதல். படிக்கப் போன பிறகு ஆங்கிலத்தில் நிறைய வாசிக்கவும் எழுதவும் வேண்டும், அதற்கு இப்போதே தினம் ஒரு பக்கமாவது வாசியுங்கள்.

எனக்கு எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறது. அது போதுமா?

போதாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., நிஃப்ட் எல்லாம் மத்திய அரசு நிறுவனங்கள். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை வைத்து அங்கே இட ஒதுக்கீடு கேட்க முடியாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாமே அதில் இல்லை. இருந்தால், மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் சான்றிதழ் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். அதில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் பலர் விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். பெற்றோர் அரசுப் பணியில் உயர் பதவியில் இருந்தால் விதி வேறு.

சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். பழைய சான்றிதழை நீட்டிக் கடைசி நேரத்தில் பொதுப் பிரிவுக்கு மாற வேண்டியிருந்தவர்களை எனக்குத் தெரியும். செப்டம்பரிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

கோச்சிங் போக வேண்டுமா?

வசதி இருந்து, கூடப் படிக்க ஆள் வேண்டும் என்று தோன்றினால் போங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு ரயில் டிக்கெட் எடுத்து, மே, ஜூன் மாதங்களில் கல்லூரிகள் நடத்தும் மாணவர் கண்காட்சிகளில் ஒன்றைப் போய்ப் பாருங்கள் என்பேன். எந்த மாதிரி வேலை அங்கே நடக்கிறது என்று கண்ணால் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். போவதற்கு முன் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் எவ்வளவு ஆகும்? உதவித்தொகை உண்டா?

கல்லூரிக்குக் கல்லூரி மிகவும் வித்தியாசப்படும். பொதுவாக ஐ.ஐ.டி.களில் குறைவு, என்.ஐ.டி.யிலும் நிஃப்ட்டிலும் அதிகம். அரசுக் கல்லூரிதானே, குறைவாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் போய் அதிர்ந்தவர்கள் உண்டு. ஏ.ஐ.சி.டி.இ. என்ற தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் சீட் தேர்ச்சியோடு சேர்கிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் முதுநிலை உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஐ.ஐ.டி.களிலும் உதவித்தொகை கிடைக்கும் இடங்கள் உண்டு, ஆனால் எல்லா இடங்களுக்கும் அல்ல, சேருமுன் கேட்டுவிடுங்கள். கட்டணத்தோடு, மாதிரி செய்யும் பொருட்களுக்கும் களப்பணிப் பயணத்துக்கும் தனியாகக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். தெர்மாகோல், துணி, அட்டை, பிரிண்ட் என்று அது சத்தமில்லாமல் கரையும்.

வெளிநாட்டில் படிக்க நினைத்தால்?

அமெரிக்காவில் இந்த இரண்டு துறைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பார்க்கலாம். மேடிசன் நகரில் இருக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் 'ஸ்கூல் ஆஃப் ஹியூமன் ஈகாலஜி'யில் வடிவமைப்பு ஒரு துறை, நுகர்வோர் அறிவியல் இன்னொரு துறை. நம் மனையியலின் அமெரிக்க உறவு என்று சொல்லலாம். அங்கே பெரும்பாலும் நுழைவுத் தேர்வைவிட எஸ்.ஓ.பி., போர்ட்ஃபோலியோ, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் இவற்றைத்தான் பார்ப்பார்கள். கடிதம் கேட்கும்போது உங்கள் வேலையின் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் ஆசிரியரிடம் கொடுங்கள். "நல்ல மாணவி, ஒழுக்கமானவர்" என்று மட்டும் சொல்லும் கடிதத்தால் பயன் இல்லை. உதவித்தொகை உறுதியாகாமல் வீட்டை அடமானம் வைத்துப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? அப்பா கேட்கிறார்.

அப்பா கேட்பது நியாயம். மென்பொருள் நிறுவனங்கள், வீட்டுச் சாதனங்கள் செய்கிறவர்கள், வங்கிகள், மருத்துவமனைகள், துணிக்கடைகள் எல்லாம் இப்படிப்பட்டவர்களை எடுக்கின்றன. பயனர் ஆய்வு, பொருள் வடிவமைப்பு, பேக்கேஜிங், சில்லறை வணிகம் என்று வேலைப் பெயர்கள் இருக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வந்த பிறகு, லேபிளும் விளம்பரமும் வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்பதில் நிறுவனங்களுக்குக் கவனம் கூடியிருக்கிறது. அந்த வேலைக்கும் ஆள் வேண்டும். ஆனால் முடித்த மறுநாளே எல்லோருக்கும் பெரிய சம்பளம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிவைப் பொறுத்தும் ஊரைப் பொறுத்தும் நிறைய மாறும். அந்தக் கல்லூரியின் சென்ற ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடமாவது அப்பாவையே பேசச் சொல்லுங்கள். என் அப்பாவுக்கு அப்படித்தான் மனம் இறங்கியது.

ஒரு முறை கிடைக்கவில்லை. திரும்ப எழுதலாமா?

எழுதுங்கள். எனக்கே இரண்டாவது முறைதான் கிடைத்தது. முதல் முறை நேர்காணல் வரை போய்த் திரும்பினேன். அந்த ஒரு வருடம் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதினேன். யார் எந்தப் பாத்திரத்தை எடுத்துத் தட்டிப் பார்க்கிறார்கள், யார் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார்கள், மாமியாரோடு வரும்போது எது வாங்குகிறார்கள், தனியாக வரும்போது எது வாங்குகிறார்கள் என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வருடம் அந்தப் பில் புத்தகங்கள் நான்கையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.